திருச்சுழி ரோட்டில் பத்தடிப் பணியாரம்

1

திருச்சுழி ரோட்டோரம் பத்தடி உயரத்துக்கு நான் நிற்கிறேன் என்ற தகவல் கிடைத்தபோது, நார்வே நாட்டில், பெர்கன் நகரத்து பஸ் நிறுத்தம் ஒன்றில் நனைந்துகொண்டு நின்றேன். இந்த ஊரில் நனைவது செய்தியே இல்லை. எங்கள் பக்கம் வெயிலை யாரும் கண்டுகொள்ளாத மாதிரி இங்கே மழையை யாரும் கண்டுகொள்வதில்லை. குடையை விரித்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

படத்தை அனுப்பியவர் அத்தான். அக்காவின் கணவர். அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டில், ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கபடிப் போட்டி என்று ஊரில் எது நடந்தாலும் அது முதலில் அத்தானின் கம்ப்யூட்டரில்தான் நடக்கும். இந்த முறை அவர் மகனுக்கே காதுகுத்து. சொந்த விசேஷம், சொந்த மெஷின், தடுக்க ஆளில்லை.

ஃப்ளெக்ஸின் இடது மூலையில், என்ன நடக்கப்போகிறதென்று தெரியாமல் சிரிக்கும் குழந்தை. வலது மூலையில் கூலிங் கிளாஸ் போட்ட அத்தான். அடியில் வரிசையாகச் சொந்தக்காரர்களின் தலைகள். நடுவில் வெள்ளைக் கோட்டுடன் நான். என் தலைக்குப் பின்னால், சாமி படத்தில் ஒளிவட்டம் இருக்கவேண்டிய இடத்தில், என் ஆராய்ச்சிப் படம்: பொன்னிறத்தில் உப்பிய உருண்டை உருண்டையான மேடுகள். மேலே கொட்டை எழுத்தில்: ‘ஒரே இடத்தை இரண்டு மெஷினால் பார்த்து நார்வே நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த எங்கள் குலவிளக்கே, வருக! வருக!’

நான் வரப்போவதில்லை, லீவு கிடையாது. நார்வே திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் அந்த இடத்தைப் பார்த்த சமயத்தில் ஈஸ்டர் விடுமுறைக்கு மொத்த நாடும் மலைமேல் குடிசை போட்டு உட்கார்ந்திருந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொன்னிற மேடுகள் உண்மையில் என்ன என்பது எனக்கு அன்று காலையில்தான் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வந்து ஒரு வருடம் முடியப்போகிறது. எழுத ஒரு நல்ல விஷயம் கிடைக்கும் என்று காத்திருந்தேன், இதுதான் கிடைத்தது.

2

‘அப்படி என்னதான் செய்கிறாய் அங்கே?’ என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொழுப்பைப் பற்றி ஆராய்ச்சி. இதைக் கேட்டதும் அம்மா சொன்னது: “கொளுப்பப் பத்திப் படிக்கவா அம்புட்டுத் தொலவு போற? இங்கன உங்க சித்தப்பன் ஒருத்தன் பத்தாதா?”

உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தோல் உண்டு. சவ்வு. இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. பந்தல்குடி ரோட்டில் லாரி நின்ற இடத்தில் தேங்கிய தண்ணீர்மேல் டீசல் சிந்தி, வானவில் மாதிரி ஒரு படலம் மிதக்குமே, அதைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்தச் சவ்வுக்குள் எல்லாக் கொழுப்பும் ஒன்றாகக் கலந்து இருப்பதில்லை. விறைப்பான ரகங்கள் தனியே கூடிக்கொள்ளும். இளகிய ரகங்கள் சுற்றிலும் அலையும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு யாரோடும் பேசாமல் இருப்பார்களே, அந்த மாதிரித் திட்டுகள். அந்தத் திட்டுகள் எப்படி உண்டாகின்றன, எவ்வளவு உயரம், எப்போது கலைகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை.

பார்க்க இரண்டு நுண்நோக்கிகள். ஒன்று ஒளியால் பார்ப்பது. சவ்வில் ஒளிரும் சாயம் கலந்துவிட்டால், சாயம் புகுந்த இடம் மின்னும், புகாத இடம் இருட்டாகத் தெரியும். இன்னொன்றுக்குக் கண்ணே கிடையாது. முடியைவிட மிகக் கூரான ஓர் ஊசிமுனையால் சவ்வை மெல்லத் தடவித் தடவி, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று சொல்லும்.

முதல் நாள் இரண்டையும் பார்த்தபோதே எனக்கு அப்பாவும் அம்மாவும் ஞாபகம் வந்துவிட்டார்கள். காரியாபட்டிச் சந்தையில் ஆடு வாங்கப் போனால் அப்பா தள்ளி நின்று கண்ணாலேயே எடை போடுவார். அம்மாவுக்குக் கண்மேல் நம்பிக்கை இல்லை. கிட்டே போய் முதுகெலும்பைத் தடவி, விலாவில் விரலை ஓட்டினால்தான் ஆயிற்று. அதனால் ஒளியால் பார்ப்பதற்கு அப்பா மெஷின் என்றும், தடவிப் பார்ப்பதற்கு அம்மா மெஷின் என்றும் பெயர் வைத்தேன். தனித்தனியாக இரண்டும் அரைகுறை. சேர்த்துப் பார்த்தால்தான் ஆடு தெரியும்.

சிக்கல், இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவேண்டும். சந்தையில் அப்பா கை நீட்டிய ஆட்டிடம் அம்மா போய்ச் சேர்வதற்குள் ஆடு நகர்ந்துவிடும். அம்மா பக்கத்து ஆட்டைத் தடவிவிட்டு வந்து, “கண்ண எங்க வச்சிருக்கீக?” என்று ஆரம்பிப்பாள். எங்கள் லேபிலும் அதே கதைதான்.

முதல் வருடம் முடியும்போது வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்து என்னை மதிப்பிடுவார்கள். அவர்கள் முன் நான் காட்டவேண்டியது, இரண்டு மெஷினும் ஒரே இடத்தைப் பார்த்த நம்பத்தக்க ஒரு படம். அது இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இந்த நாட்டில் தங்கும் அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள். பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

அந்த அட்டையை இங்கே போலீஸ் அலுவலகத்தில்தான் வாங்கவேண்டும் என்பதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

“போலீசுக்கா? ஏத்தா, என்ன பண்ணித் தொலைச்ச?”

“ஒண்ணும் பண்ணலம்மா. எல்லாருந்தான் போகணும்.”

“எல்லாரையும் போலீசு கூப்புடுதுன்னா அது என்ன ஊருடீ!”

3

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். தப்பு நடந்தது அங்கேதான்.

சவ்வு செய்வது இப்படி. காக்காப்பொன் என்று சின்ன வயதில் பொறுக்கி விளையாடுவோமே, அந்த மைக்கா தகட்டில் ஒரு மெல்லிய ஏட்டை உரித்து, பளபளப்பான புதுப் பரப்பின்மேல் கொழுப்புக் குமிழ்கள் மிதக்கும் நீரை விடவேண்டும். குமிழ்கள் வந்து ஒட்டி, வெடித்து, விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து சமதளமான சவ்வாகும். வெடிக்காமல் மிச்சமிருப்பவற்றைச் சுத்தமான நீரால் அலசிவிட வேண்டும். செய்முறைத் தாளில் ஒரே வார்த்தைதான் இருந்தது: தாராளமாக.

எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில் உள்ளே தள்ளியிருக்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளை வைத்துத்தான் விருந்தாளிகளையே வரச்சொல்வோம். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, குளித்த தண்ணீர் முருங்கைக்கு. ஒரு சொம்பில் முகம், கை, கால் மூன்றையும் கழுவி, மிச்சத்தை வாசலில் தெளித்துவிட்டு வருகிறவளிடம் போய்த் தாராளம் என்றால்?

இங்கே வந்த புதிதில், என்னோடு வீடு பகிர்ந்திருந்த பெண்கள் மிக நாகரிகமாக ஒரு கூட்டம் போட்டு, நான் குளிக்கிறேனா என்று விசாரித்தார்கள். குழாய்ச் சத்தம் திறந்ததும் நின்றுவிடுகிறதாம். லேபில் தண்ணீரை வடிகட்டித் தரும் மெஷின் ஒன்று உண்டு. முதலில் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் சும்மா கீழே விடவேண்டும் என்பது விதி. சும்மா! கீழே! நான் ஒரு வாளியைக் கொண்டுபோய் வைத்தேன். அந்தத் தண்ணீரில் இப்போது எங்கள் மாடியில் மூன்று செடிகள் அடர்ந்து வளர்ந்து நிற்கின்றன.

வாளியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள் தர்ஷிகா. எங்கள் லேபில் முதுகலை படிக்கிறாள். அவளுடைய அப்பா அம்மா யாழ்ப்பாணம். இவள் பிறந்ததே பெர்கன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சோறு. அதற்குக் கூலியாக அவள் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “பிள்ளை, இவளோட தமிழிலயே கதையுங்கோ. தமிழ் கையை விட்டுப் போகுது.”

கதைத்தேன். ஊசிமுனை அலைபாயும்போதெல்லாம் நான் அம்மா மெஷினைப் பார்த்து, “ஏலே, சும்மா இருல!” என்று கத்துவது வழக்கம். மெஷினோடு பேசும் மரியாதைச் சொல் போலிருக்கிறது என்று தர்ஷிகா பிடித்துக்கொண்டாள். முதலில் பிரின்டரைச் சொன்னாள். அப்புறம் காப்பி மெஷினை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவி ரிமோட்டோடு போராடிக்கொண்டிருந்த தன் அப்பாவையே, “ஏலே, சும்மா இருங்கோ” என்றாள். அவள் அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பிள்ளை நார்வே பக்கம் நகர்ந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தார்கள். அவள் அருப்புக்கோட்டைப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

4

ஈஸ்டர் விடுமுறையில் பல்கலைக்கழகமே காலி. என் பேராசிரியர் இன்க்ரிட், மலைமேல் இருக்கும் தன் குடிலுக்குப் போய்விட்டார். அங்கே போனால் மின்னஞ்சல் பார்ப்பதில்லை என்பது அவர் கொள்கை. (இன்க்ரிட் என்று எழுதிவிடுகிறேன், நேரில் அந்த வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்றுவரை நாக்கு எழவில்லை. அவர் முகம் என் பக்கம் திரும்பும் வரை அருகில் நின்று கனைத்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்திருக்கிறார்.)

ஆளில்லாத லேபில் இரண்டு மெஷினையும் நானே ஓட்டினேன். சவ்வு செய்தேன், அலசினேன், என் அளவில் தாராளமாக. அப்பா மெஷினில் பார்த்தால் பளிச் பளிச்சென்று புள்ளிகள். அதே இடத்தை அம்மா மெஷினில் தடவினால், ஒவ்வொரு புள்ளி இருந்த இடத்திலும் ஒரு மேடு! ஒரு படத்தின்மேல் இன்னொன்றைத் தூக்கி வைத்தால் அச்சு அசலாகப் பொருந்தியது. ஒரு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் ஒரே ஆட்டைக் கை காட்டிவிட்டார்கள். இப்படி மின்னும் மேடுகளை நான் படித்த எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை. புதுசு! காலி வராந்தாவில் ஓடி, திரும்பி ஓடிவந்து, சொல்ல ஆளில்லாமல் குடும்ப வாட்ஸாப் குழுவில் படத்தைப் போட்டேன்.

அம்மா கும்பிடும் கை ஒன்று அனுப்பினாள். அத்தான் உடனே கூப்பிட்டார்.

“ஏ கொளுந்தியா, படம் நல்லாருக்கு. ஆனா ஃபைலு பத்தாதே. பெருசா இருந்தா அனுப்பு.”

“எதுக்கு அத்தான்?”

“சும்மாதான். பெருசாப் பாக்கணும்ல, என்ன கண்டுபுடிச்சிருக்கன்னு.”

என் குடும்பத்தில் ஒருவர் சவ்வைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்படுகிறாரே என்று கண் கலங்கிப்போய், இருப்பதிலேயே பெரிய ஃபைலை அனுப்பினேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பெரிய ஃபைல் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. இத்தனைக்கும் நான் முனைவர் பட்ட மாணவி.

5

விடுமுறை முடிந்து இன்க்ரிட் மூக்கு மட்டும் வெயிலில் சிவந்து திரும்பினார். போய் நின்று கனைத்தேன். படங்களைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுவாரசியமாக இருக்கிறது.”

நார்வேக்காரர் ஒருவர் உங்கள் வேலையைச் சுவாரசியம் என்று சொன்னால் உட்கார நாற்காலி தேடுங்கள்.

“இந்த மேடுகள் சவ்வைவிடப் பல மடங்கு உயரமாக இருக்கின்றனவே. சவ்வுக்குள் இருக்கும் திட்டு எப்படி இவ்வளவு உயரமாகும்?”

“அதுதான் புதுசு” என்றேன்.

அவர் அப்பா மெஷினில் போய் உட்கார்ந்தார். கடுமையான ஒளியை ஒரு வட்டத்தில் பாய்ச்சி, அந்த இடத்துச் சாயத்தைப் பொசுக்கினார். சவ்வு என்பது இளகிய பொருள்; பொசுங்கிய இடத்துக்குச் சுற்றியுள்ள கொழுப்பு நகர்ந்து வந்துவிடும், இருட்டு நிரம்பி மறுபடி மின்னும். காத்திருந்தோம். சமதளமான பகுதி மெல்ல மெல்ல நிரம்பியது. வட்டத்துக்குள் இருந்த என் மேடுகள் மட்டும் கரிக்கட்டையாக அப்படியே நின்றன. எதுவும் உள்ளே வரவில்லை, எதுவும் நகரவில்லை.

“இவை திட்டுகள் இல்லை. வெடிக்காமல் சவ்வின்மேல் ஒட்டிக்கொண்ட குமிழ்கள். நீ அலசினாயா?”

“அலசினேன்.”

“எவ்வளவு?”

விரலை வைத்துக் காட்டினேன்.

“தாராளமாக என்று எழுதியிருக்கிறதே.”

“இது தாராளம்தான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மதிப்பீட்டுக்கு அதிக நாள் இல்லை என்று மட்டும் சொன்னார்.

அறைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கிய ஒரு கிடா. அப்பா கண்ணால் பார்த்து, “நல்ல கிடா” என்றார். அம்மாவும் தடவிப் பார்த்து, “ஆமா” என்றாள். இருவரும் ஒத்துப்போன முதல் ஆடு அதுதான். பெருமை தாங்காமல் பஸ்ஸுக்குப் போகாமல் வேன் பிடித்தோம். யாரோ உப்பைத் தின்னக் கொடுத்து வயிறு முட்டத் தண்ணீர் காட்டியிருக்கிறார்கள். காரியாபட்டியிலிருந்து வீடு வரும்வரை வழியெல்லாம் பெய்துகொண்டே வந்தது. வேனில் ஏறியது கிடா. இறங்கியது அதன் தம்பி. அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல வழியில்லாமல் தவித்த தவிப்பு!

கண்ணும் கையும் ஒத்துப்போவதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. இரண்டையும் ஒரே தண்ணீர் ஏமாற்றலாம்.

அன்று மாலைதான் பஸ் நிறுத்தம். அன்று மாலைதான் ஃப்ளெக்ஸ்.

6

“அத்தான், தயவுசெஞ்சு அத எறக்குங்க.”

“ஏன் புள்ள, மூஞ்சி கறுப்பா விளுந்துருச்சா? மொத பிரின்டுல கொஞ்சம்…”

“மூஞ்சி இல்ல அத்தான். அந்தப் படம் தப்பு. அது சரியாக் களுவாத அளுக்கு.”

“இங்கிட்டு ஒருத்தனும் அத அளுக்குன்னு சொல்லலையே. பணியாரம்னுல்ல சொல்றாய்ங்க.”

“என்னது?”

“அந்தக் கலரும் உப்பலும் அச்சுப் பணியாரமாத்தான் இருக்கு. டீக்கடையில கேக்குறாக, உங்க கொளுந்தியா நார்வேல பணியாரக் கட போட்ருக்காகளா, வெள்ளக்காரன் திங்கிறானான்னு. நானும் ஆமான்னுட்டேன்.”

“அத்தான்!”

“பெறகு? அளுக்குன்னு சொல்லச் சொல்றியா? இந்தா பாரு, விசேசத்துக்கு முன்னால எறக்குனா என்ன பேசுவாக தெரியுமா? புள்ளைய வேலைய விட்டுத் தொரத்திட்டாக, அதான் எறக்கிட்டாகன்னு பேசுவாக.”

அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் இன்னும் சில நாளில் அது உண்மையாகவே ஆகலாம்.

போனை அப்பா வாங்கினார். அவர் எப்போதும் கேட்பது ஒன்றுதான்.

“அங்க மளையா?”

“ஆமப்பா.”

“இங்கிட்டு ஒரு பொட்டு இல்ல. கொஞ்சம் அனுப்பி விடு தாயி.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இப்ப வேணாம். மொளகாப் பளம் பூராம் களத்துல காயுது. காஞ்சு மூட கட்டுன பெறகு அனுப்பு.”

வருடத்தில் ஒரு வெள்ளாமை. அது களத்தில் சிவப்பாகப் பரந்து கிடக்கிறது. வேலை போய்விடுமோ என்று சொல்ல வாயெடுத்தவள், “சரிப்பா, நிப்பாட்டி வைக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

7

மறுநாள் தர்ஷிகா என் பக்கத்தில் காவலுக்கு நின்றாள்.

“இன்னும் விடுங்கோ அக்கா.”

“விட்டாச்சுடி.”

“காணாது. இன்னும்.”

“ஒரு குடம் போயிருக்கும்டி!”

“போகட்டும். ஏலே, விடுங்கோ!”

ஒரு பக்கம் நீரை விட்டு மறுபக்கம் உறிஞ்சி எடுக்கவேண்டும். சவ்வு ஒரு கணம்கூடக் காற்றைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் செத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். ஒவ்வொரு முறை கழிவுக் குவளை நிரம்பும்போதும், ஊரில் யாரோ குழாயடியில் என்னைத் திட்டுவது காதில் விழுந்தது.

மேடுகள் போய்விட்டன. ஒன்றுகூட இல்லை. அப்பா மெஷினில் அங்கங்கே மங்கலான இருட்டுத் திட்டுகள் தெரிந்தன. அம்மா மெஷினில் பார்த்தால், எங்கோ சில இடங்கள் ஒரே ஒரு நானோமீட்டர் உயரம். இருட்டும் உயரமும் ஒரே இடம்தானா? சொல்ல வழியில்லை. இரண்டு படங்களையும் பொருத்த ஓர் அடையாளம்கூட மிச்சமில்லை. திருச்சுழி ரோட்டில் மைல்கல்லையும் புளியமரத்தையும் பிடுங்கிவிட்டு, சொன்ன இடத்தில் இறங்கு என்றால் எங்கே இறங்குவது?

அம்மா மெஷினின் ஊசி வெறும் சமவெளியில் அலைந்துகொண்டிருந்தபோது எனக்குப் பொறி தட்டியது. இரண்டு மெஷினுக்கும் ஒருசேரத் தெரிவது எது? ஒன்றின் கண்ணில் மின்னும், இன்னொன்றின் கையில் தட்டுப்படும் பொருள் எது? என் பணியாரம்தான்!

இன்க்ரிட்டிடம் ஓடினேன். கனைக்க மறந்து, “இன்க்ரிட்!” என்றே கூப்பிட்டுவிட்டேன். அவர் நாற்காலியோடு திரும்பினார்.

“எல்லாவற்றையும் கழுவ வேண்டாம். ஒன்றிரண்டு குமிழை விட்டுவைக்கிறேன். அதை வைத்து இரண்டு படத்தையும் பொருத்திவிடலாம்.”

அவர் யோசித்தார். “அப்படியென்றால் எவ்வளவு அலசுவாய்?”

“உங்கள் தாராளத்துக்கும் எங்கள் தாராளத்துக்கும் நடுவில்” என்றேன்.

சொல்வது சுலபம். அந்த நடுவைப் பிடிப்பதற்குள் நிறைய மைக்கா உரிபட்டது. கடைசியில் ஒரு தகட்டில், கண்ணுக்கெட்டிய தூரம் சுத்தமான சவ்வு, ஓரமாக இரண்டே குமிழ். அவற்றைப் பிடித்து ஒரு படத்தின்மேல் இன்னொன்றை ஏற்றினேன்.

அப்பா மெஷின் ‘இங்கே ஒன்றும் இல்லை, இருட்டு’ என்று சொன்ன அதே இடத்தில், அம்மா மெஷின் ‘இங்கே உயர்ந்திருக்கிறது, நன்றாகத் தடவிப் பார்’ என்றது. திட்டுக்குத் திட்டு அப்படியே. விறைத்த கொழுப்புகள் நெருக்கியடித்து நிமிர்ந்து நிற்பதால் உயரம். நெருக்கத்தில் சாயம் நுழைய முடியாததால் இருட்டு. சூடாக்கினால் கலைந்தது, ஆறவிட்டால் திரும்பக் கூடியது. இருவரும் ஒத்துப்போனபோது கிடைத்தது பொய். எதிரும் புதிருமாகப் பேசியபோது கிடைத்தது நிஜம். எங்கள் வீட்டில் சண்டை போடாமல் வாங்கிய ஆடு உருப்பட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு விஞ்ஞானமாகத் தெரிந்தது.

8

மதிப்பீட்டு நாளில் கோட் சூட் போடாத இரண்டு பேராசிரியர்கள் ஆளுக்கொரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒருவர், “ஓரத்தில் மின்னும் அந்த இரண்டு பொட்டுகள் என்ன?” என்றார்.

அதற்கென்றே வைத்திருந்த அடுத்த படத்தைப் போட்டேன். திருச்சுழி ரோடு, கருவேலங்காடு, இரண்டு ஆடுகள், பத்தடி நான், என் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாகப் பொன்னிற மேடுகள், கீழே அத்தானின் கூலிங் கிளாஸ்.

“இது என் முதல் முடிவு. தவறானது. ஆனால் ஏற்கெனவே வெளியாகிவிட்டது” என்றேன்.

ஆப்பிள் புரையேறியது ஒருவருக்கு. இன்னொருவர் எழுந்து திரைக்குக் கிட்டே போய், அடியில் வரிசையாக இருந்த சொந்தக்காரர்களின் தலைகளைக் காட்டி, “இவர்கள் எல்லாம் கட்டுரையின் இணை ஆசிரியர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு ஒரு மணி நேரம் சிரிப்பே இல்லாமல் துருவி எடுத்தார்கள். எப்படிச் சூடாக்கினாய், ஊசியே திட்டை உண்டாக்கவில்லை என்று எப்படித் தெரியும், திரும்பச் செய்தாயா. வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, மறுபடி கூப்பிட்டு, வேலை தொடரும் என்றார்கள். அந்தக் கடிதத்தோடு போலீஸ் அலுவலகத்துக்குப் போய் வந்தேன். கவுன்டரில் இருந்த பெண் போலீஸ் புன்னகையோடு வாழ்த்துச் சொன்னார் என்று அம்மாவிடம் சொன்னேன். “போலீசு சிரிச்சாலும் சூதானமா இரு” என்றாள்.

காதுகுத்து நல்லபடி முடிந்ததாம். குழந்தை அழுத அழுகையை வீடியோவில் பார்த்தேன். இனியாவது ஃப்ளெக்ஸை இறக்குங்கள் என்று அத்தானிடம் கேட்டதற்கு, “அன்னைக்கே எறக்கியாச்சே. மாமா வாங்கிட்டுப் போயிட்டாக” என்றார். மாமா என்றால் என் அப்பா. எதற்கு என்று நான் கேட்கவில்லை. மகள் படத்தை மடித்துப் பத்திரமாக வைத்திருப்பார் என்று நினைத்து நெகிழ்ந்துகொண்டேன்.

நேற்று அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். திரை முழுக்க ஒரே இரைச்சல், இருட்டு, பிறகு ஒரு மின்னல். கோடை மழை. அப்பா தலையில் துண்டோடு களத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

“பாருடீ, உங்கப்பா என்னத்தப் போட்டு மூடியிருக்காருன்னு!”

குவித்து வைத்த மிளகாய்மேல் நான் மல்லாந்து கிடந்தேன். நாலு மூலைக்கும் நாலு கல். என் நெற்றியில் தண்ணீர் தேங்கி, அத்தானின் கூலிங் கிளாஸ் வழியாக ஓடி வழிந்துகொண்டிருந்தது. மழை கொஞ்சம் தணிந்ததும் அப்பா குனிந்து ஃப்ளெக்ஸின் ஓரத்தைத் தூக்கி, உள்ளே கையை விட்டு மிளகாயைத் தடவினார். அம்மாதான் வழக்கமாகத் தடவுகிறவள், நேற்று அவர்.

“ஒரு சொட்டு உள்ள போகல தாயி!” என்று மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினார். “நல்ல சரக்கு! இன்னொண்ணு கண்டுபுடிச்சா இதே சைசுலயே அடிக்கச் சொல்லு!”

ஒரு வருடமாக என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் விளக்க முடியாமல் இருந்தேன். வெளியே இருப்பதை வெளியேயும், உள்ளே இருப்பதை உள்ளேயும் வைத்திருக்கும் ஒரு மெல்லிய தோல். அப்பா அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் அத்தான் குரல் கேட்டது, அவரும் வந்திருக்கிறார். “ஏ கொளுந்தியா, பாத்தியா? இம்புட்டு மளை பேஞ்சும் உன் பணியாரத்துல ஒண்ணாச்சும் போச்சா? நம்ம இங்க்கு அப்படி!”

உற்றுப் பார்த்தேன். இன்க்ரிட்டே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வானம் தாராளமாக அலசிக்கொண்டிருந்தது. ஒரு குமிழ்கூட நகரவில்லை.